கூல்டிரிங்ஸ் கம்பெனி வேலைக்குப் போறீங்களா, மொதல்ல இஎஸ்ஐ நம்பரைக் கேளுங்க

மாசி பொறந்தாலே கூல்டிரிங்ஸ், தண்ணி பாட்டில் கம்பெனிங்க ஆள் எடுக்க ஆரம்பிச்சிடுவாங்க, வெயில் ஏறுறதுக்குள்ள குடோன்ல சரக்கு நெறஞ்சிருக்கணும்ல. பாகூர், வில்லியனூர், நெல்லிக்குப்பம் பக்கத்துல இருந்தெல்லாம் பசங்க வருவாங்க. பாதிப்பேருக்கு மேல கான்ட்ராக்ட்லதான் சேருறாங்க. நான் புதுச்சேரியில கம்பெனிங்களுக்கு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளிங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வேலை பாத்துக் குடுக்குறவன், அதனால இத சொல்லியே ஆகணும்.

ஒரு குடோன்ல லோடு ஏத்துன தம்பி, கடலூர் பையன், சேந்து ஒம்பதாவது நாள் லாரி மேலருந்து விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சிடுச்சு. ஒரு லிட்டர் பாட்டில் பன்னெண்டு இருக்குற ஒரு கேஸே பன்னெண்டு கிலோ, அத நாள் முழுக்க தூக்குனா கை சோந்துடும், கால் வழுக்கும். கான்ட்ராக்டர் இஎஸ்ஐயே போடல, மாசக் கடைசில எல்லாருக்கும் சேத்துப் போடலாம்னு இருந்தாராம். கம்பெனில போய் கேட்டா "அவன் எங்க ஆளு இல்லம்மா"ன்னு அவங்க அம்மாவைத் திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தம்மா தோட்டை அடகு வெச்சு பிரைவேட்ல கட்டு போட்டாங்க.

அந்தப் பதில் தப்புங்க. கான்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் இஎஸ்ஐ பணம் கட்டுற பொறுப்பு கம்பெனிக்குதான், கட்டிட்டு கான்ட்ராக்டர்கிட்ட பிடிச்சிக்கலாம். மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் இஎஸ்ஐ உண்டு. 14,000 சம்பளம்னா உங்ககிட்ட பிடிக்கிறது 105 ரூபாதான் (0.75 சதவீதம்), கம்பெனி போடுறது 455. வேலையில அடிபட்டா இத்தன நாள் பணம் கட்டியிருக்கணும்னு கணக்கே கெடையாது, மொத நாளே விழுந்தாலும் கோரிமேடு இஎஸ்ஐ ஆஸ்பத்திரில வைத்தியம், வீட்ல இருக்குற நாளுக்கு சம்பளத்துல 90 சதவீதம்.

சேருற அன்னிக்கே ஆதாரை வெச்சு ஆன்லைன்ல நம்பர் எடுத்துடலாம், அதனால "அடுத்த மாசம் வரும்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. யுஏஎன்னு சொல்ற உங்க பிஎஃப் நம்பரும் வாங்கி, உமாங்ங்குற அரசு ஆப்ல பணம் ஏறுதான்னு மாசாமாசம் பாருங்க, சம்பளத்துல பிடிச்சிட்டு கட்டாம விடுறவங்களையும் பாத்துருக்கேன். அப்புறம் வேலைக்குன்னு முன்பணம் கேட்டா, ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் குடுன்னா, அங்க சேராதீங்க.

அந்தத் தம்பிக்கு கம்பெனியைப் பேச வெச்சு பணம் வர நாலு மாசம் ஆச்சு, தோட்டை மீட்டது அதுக்கப்புறம்தான்.