நியமிப்பு

திருகோணமலை உவர்மலைப் பக்கம் இரசாயனவியல் ரியூசனுக்குப் போகிற பிள்ளையிடம் ‘நியமிப்பு’ என்றால் என்னவென்று கேளுங்கள். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் கண்ணாடிக் குழாயான அளவியின் திருகைத் திருப்புவதுபோல் விரலை ஆட்டிக் காட்டும். கச்சேரியடியில் கேட்டால், “யாருக்கு நியமனம் வந்தது?” என்பார்கள்.

ஒரு கரைசலின் செறிவை, அதோடு தாக்கம் புரியும் இன்னொரு கரைசலை விட்டு அளப்பதுதான் ரைற்றேசன். அதற்கு இலங்கைப் பாடநூல்கள் வைத்த பெயர் இது. நியமம் வடசொல், ஒழுங்கு, வரையறை என்று பொருள். செறிவு தெரிந்த நியமக் கரைசலைக் கொண்டு அளப்பதால் நியமிப்பு. தமிழ்நாட்டில் தரம்பார்த்தல் என்கிறார்கள்.

ஆங்கிலச் சொல்லின் தாய் பிரெஞ்சு ‘தீத்ர்’. அதற்கும் மூத்தது, எழுத்துப் பொறித்த பலகையைக் குறித்த இலத்தீன் ‘தீத்துலுஸ்’. பொன், வெள்ளியின் தூய்மைக்கும் பிரெஞ்சில் தீத்ர்தான். நம் பத்தர்கள் அதை ‘மாற்று’ என்பார்கள். பத்தரைமாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்று. கட்டளைக்கல்லில் நகையை ஓர் இழுப்பு, பக்கத்தில் மாற்றுத் தெரிந்த ஆணியை ஓர் இழுப்பு; இரண்டு கோட்டின் நிறமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. அளவிக்குள் நிற்கும் நியமக் கரைசலும் அப்படியொரு ஆணிதான். அளவிக்கும், குறித்த அளவு கரைசலை உறிஞ்சி எடுக்கும் குழாயிக்கும் பியூரெற், பிப்பெற் என்று 1824இல் பெயரிட்ட பிரெஞ்சு இரசாயனவியலாளர் கேலுசாக், பின்னாளில் வெள்ளியின் மாற்றையே கரைசலால் அளக்க வழி கண்டார். என்னைக் கேட்டால் ‘மாற்றறிதல்’ இன்னும் பொருந்தும். ஆனால் நியமக் கரைசலும் நியமிப்பும் ஒரே குடும்பமாகிவிட்டன, பிரிக்க மனமில்லை.

நியமிப்பில் பிள்ளைகள் தடுமாறுவது ‘மென்னமிலம்’ என்ற சொல்லில்தான். மென்மை என்றதும், அதை நடுநிலையாக்க மூலம் (காரம்) குறைவாகப் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. லீற்றருக்கு 0.10 மூல் (துணிக்கைகளை எண்ணும் அலகு) அசற்றிக் அமிலம், அதாவது வினாகிரியின் புளிப்பு, 25.0 மில்லிலீற்றர் எடுத்தால் அதில் 0.0025 மூல் இருக்கிறது. அது அயனாகப் பிரிவது கொஞ்சம்தான். ஆனால் ஐதரொட்சைட்டு எடுக்க எடுக்க மிச்சமும் பிரிந்துகொடுக்கும். ஆகவே மூலமான சோடியம் ஐதரொட்சைட்டும் 0.0025 மூல் வேண்டும். அது லீற்றருக்கு 0.125 மூல் என்றால், 0.0025ஐ 0.125ஆல் வகுக்க 0.020 லீற்றர், 20.0 மில்லிலீற்றர். அதே அளவும் செறிவும் கொண்ட, முழுதாகப் பிரியும் ஐதரோகுளோரிக் அமிலமாக இருந்தாலும் இதே 20.0தான்.

மென்மை தலைகாட்டுவது, நிறம் மாறி முடிவைச் சொல்லும் காட்டியைத் தெரிவுசெய்யும்போது. அமிலத்துக்குச் சரியான அளவு மூலம் சேர்ந்துவிட்ட சமவலுப் புள்ளியில் பீஎச் நடுநிலையான 7 அல்ல, ஏறக்குறைய 8.7. பினோல்ப்தலீன் அங்கே இளஞ்சிவப்பாகும். அதற்குப் பதில் மெதையில் செம்மஞ்சள் என்ற காட்டியை விட்டால், 10 மில்லிலீற்றர் இறங்கும் முன்பே நிறம் முழுதாக மாறிவிடும். வினாகிரி விற்றவர் பாதிக்குமேல் தண்ணீர் கலந்துவிட்டார் என்று அவரோடு சண்டைக்குப் போகலாம்.