நெம்புகோல் வைத்த பூ

ஐரோப்பாவில், சுண்ணாம்புப் பாறையின் மீது மெல்லிய மண் படிந்திருக்கும் வெயில்படும் சரிவுகளில், முழங்கால் உயரம் வளரும் காட்டுச்செடி ஒன்று கோடையின் தொடக்கத்தில் ஆழ்ந்த நீல ஊதா நிறத்தில் பூக்கிறது. அதன் அறிவியல் பெயர் சால்வியா பிராட்டென்சிஸ். பிராட்டென்சிஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குப் புல்வெளிக்கு உரியது என்று பொருள். துளசியும் புதினாவும் அடங்கிய லேமியேசிக் குடும்பத்தைச் சேர்ந்த செடி இது என்பதை நாற்கோணத் தண்டும், எதிரெதிராக அமைந்த இலைகளும், இரண்டு உதடுகளாகப் பிரிந்த பூவும் உடனே காட்டிவிடுகின்றன. ஆயினும் துளசிப் பூவிலும் புதினாப் பூவிலும் இல்லாத பொறி ஒன்று இதற்குள் இருக்கிறது.

பூவின் கீழுதடு, தேனீ வந்து இறங்குவதற்கான மேடை. அரிவாள்போல் வளைந்த மேலுதட்டுக்குள் இரண்டு மகரந்தத்தாள்கள் மறைந்திருக்கின்றன. மற்றப் பூக்களில் மகரந்தப்பையின் இரு அறைகளும் சிறு திசுவால் இணைந்து அருகருகே இருக்கும். இங்கோ அந்த இணைப்புத் திசு நீண்டு வளைந்த கோலாகி, அறைகளை வெகுதூரம் பிரித்துவிட்டது. கோலின் நீண்ட மேல்முனையில் மகரந்தம் நிறைந்த அறை உள்ளது. குட்டையான கீழ்முனையோ மகரந்தத்தை இழந்து தட்டையாகி, மற்றத் தாளின் கீழ்முனையோடு சேர்ந்து, தேன் இருக்கும் குழாயின் வாயை மூடி நிற்கிறது. தேனுக்காகத் தலையை நுழைக்கும் தேனீ இந்தத் தடுப்பை உள்நோக்கித் தள்ளியதும், ஏற்றமரத்தின் ஒருபுறம் தாழ மறுபுறம் எழுவதுபோலக் கோல் திரும்பி, மேல்முனை கீழே சாய்ந்து தேனீயின் முதுகில் மகரந்தத்தைப் பூசிவிடுகிறது. தேனீ விலகியதும், மெல்லிய மூட்டுத் திசுவின் மீள்தன்மையால் கோல் பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த வருகைக்குத் தயாராகிறது. சால்வியாப் பூக்களின் இந்த நெம்புகோலை ஜெர்மானிய இயற்கையாளர் கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்பிரெங்கல் 1793-இல் விவரித்தார்.

மகரந்தம் முதுகில் படுவது மிக முக்கியம். தன் குஞ்சுகளுக்கு உணவாகும் மகரந்தத்தைத் தேனீ கால்களால் துடைத்துச் சேகரித்துக்கொள்ளும்; கால்கள் எளிதில் எட்டாத இடத்தில் பட்டது மட்டுமே அடுத்த பூவுக்குத் தப்பிச் செல்லும். எனக்கு நெம்புகோலைவிட வியப்பளிப்பது இதற்குப் பின் நடப்பதுதான். பூ முதலில் மகரந்தத்தை வழங்குகிறது. அது தீர்ந்த பிறகே சூலகத்தண்டு நீண்டு கீழ்நோக்கி வளைய, மகரந்தத்தை ஏற்கும் அதன் பிளவுபட்ட சூலகமுடி, வேறொரு பூவில் மகரந்தம் பூசப்பட்ட அதே இடத்தில் தேனீயின் முதுகை உரசுகிறது. பூங்கொத்து கீழிருந்து மேலாக விரிவதால், முதிர்ந்த பூக்கள் கீழும் இளம்பூக்கள் மேலும் இருக்கும். பருத்த, ரோமம் அடர்ந்த தேனீ வகையான பம்பிள் தேனீக்கள் பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏறுவதால், வேறு செடியிலிருந்து கொண்டுவந்ததை முதலில் ஒப்படைத்துவிட்டு, புதிய மகரந்தத்தோடு பறந்து செல்கின்றன.

இவ்வளவு நுட்பமான செடி சத்துக் குறைந்த மண்ணில்தான் நிலைக்கிறது. அதன் சுருக்கம் விழுந்த அடியிலைகள் தரையோடு வட்டமாகப் படர்ந்திருப்பதால், உரமிட்ட வயலில் செழித்தோங்கும் புற்கள் அவற்றின் மீது நிழலைக் கவித்துவிடுகின்றன. விதையிலிருந்து முளைக்கும் கன்றுகளோ, வெளிச்சம் விழும் வெற்றிடம் கிடைக்காமல் அழிகின்றன. ஆகவே அளவாக மேய்ச்சலும், காலம் பார்த்த அறுப்பும் இந்தப் புல்வெளிக்குத் தேவைப்படுகின்றன. பூ உதிர்ந்தபின் புல்லிவட்டத்தின் அடியில் நான்கு சிறு கொட்டைக்கனிகள் முதிர்வதற்கு முன்பே புல்லை அறுத்துவிட்டால், அந்த ஆண்டின் விதை முழுவதும் வைக்கோலோடு போய்விடும். முதிரவிட்டால் அவை தரையில் சிந்தி, ஈரம் பட்டதும் வழவழப்பான பசை சூழ்ந்து மண்ணோடு ஒட்டிக்கொள்கின்றன.