பதினெட்டு வயசு ஆகலையா? 1098-க்கு நீயே போன் பண்ணலாம்

அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்க, பாட்டியோடு இருந்து படிக்கிற பிள்ளைகள் நிறைய. அந்த வீட்டில் அடி உதை, தப்பாக நடந்துகொள்ளும் ஆள், பத்தாவது முடித்ததுமே பேசி முடித்த கல்யாணம் என்று எது நடந்தாலும் கேட்பதற்கென்றே அரசு ஆள் வைத்திருக்கிறது. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டுதான் போகணும் என்பதில்லை, 18 வயதுக்குக் கீழே உள்ள யாரும் தாங்களே கேட்கலாம்.

1098 குழந்தைகளுக்கான உதவி எண். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. கல்யாண விஷயம் என்றால் ஊர், தெரு, எந்தத் தேதி, எந்தக் கோயில் அல்லது மண்டபம் என்பதைத் தெளிவாகச் சொல். பக்கத்து வீட்டுக்காரரோ டீச்சரோ கூடச் சொல்லலாம். 'அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ' என்ற பயத்தில்தான் பல பெண் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. கல்யாணம் நடப்பதற்கு முன்பே தகவல் போனால் பெரும்பாலும் வீட்டாரிடம் பேசி, 18 முடியும் வரை கட்டிக்கொடுக்க மாட்டோம் என்று எழுதி வாங்குவார்கள். கேட்காவிட்டால் கோர்ட்டில் தடை வாங்கலாம், தடையை மீறிக் கட்டினால் அந்தக் கல்யாணமே செல்லாது. ஏற்கெனவே தாலி ஏறிவிட்டதா? சரி, அப்போதும் வழி உண்டு: பெண்ணுக்கு 20 முடிவதற்குள் மாவட்ட நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம்.

அப்புறம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் தனித்தனியாக உண்டு. அங்கிருந்து சமூகப் பணியாளர் வீட்டுக்கும் பள்ளிக்கும் வந்து விசாரித்து, குழந்தைகள் நலக் குழுவுக்கு அறிக்கை கொடுப்பார். ஐந்து பேர் கொண்ட குழு, ஒரு பெண்ணாவது கட்டாயம் இருப்பார். முடிவெடுக்கும்போது உன் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்பது சட்டம், அதனால் சித்தி வீட்டில் இருந்து படிக்கிறேன் என்றால் அதைத் தயங்காமல் சொல். எடுத்த எடுப்பில் ஹோமில் சேர்ப்பதில்லை, அது கடைசி வழி. உன் பெயர், போட்டோ, பள்ளி எதையும் பத்திரிகையில் போடக்கூடாது.

அப்பா இறந்தோ விட்டுப்போயோ அம்மா தனியாகச் சமாளிக்கிற வீடு என்றால், மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை பற்றியும் அந்தச் சமூகப் பணியாளரிடமே கேள். கிராமத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000-க்குள் இருக்கணும்.

18 தாண்டிய பெண்கள், பெண்கள் உதவி எண்ணான 181-க்குக் கூப்பிடுங்கள்.