சதுப்புநில முதலை: சொல்லும் பொருத்தமும்

கொள்ளிடத்தில் முதலை நடமாட்டம் என்று செய்தி வந்தால், கூடவே ‘சதுப்புநில முதலை’ என்ற பெயரும் வந்துவிடும். அந்த முதலை கிடப்பதோ ஆற்று மணலிலும் மடுவிலும். சதுப்பு எங்கிருந்து வந்தது?

லத்தீனிலிருந்து. 1831-ல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லெசோன் இதற்குக் ‘குரோக்கடைலஸ் பாலுஸ்டிரிஸ்’ என்று பெயர் வைத்தார். ‘பாலுஸ்’ என்றால் சதுப்பு. ஆங்கிலம் அதை ‘மார்ஷ் கிராக்கடைல்’ ஆக்கியது, நாம் அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக்கொண்டோம். ஆங்கிலத்தில் ‘மக்கர்’ என்றும் சொல்வார்கள். அது இந்தி ‘மகர்’, அதற்கு மூலம் வடமொழி ‘மகரம்’. ஆனால் தமிழில் மகரம் என்றால் சுறா, அல்லது தோரணத்திலும் குழையிலும் செதுக்கும் கற்பனை விலங்கு. அதனால் அந்தச் சொல் இங்கே உதவாது.

சரி, இது எங்கேதான் வாழ்கிறது? சதுப்பிலும் வாழும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் இதன் வீடு ஆறும் அணையும் ஏரியும்தான்: காவிரி, கொள்ளிடம், மோயாறு, அமராவதி அணை. கோடையில் ஆறு வற்றும்போது தண்ணீர் தங்கும் ஆழமான பள்ளம்தான் மடு. முதலைகள் அங்கே ஒதுங்கும். அதுவும் போதாவிட்டால் கரையில் நீளமாக வளை தோண்டி உள்ளே போய்விடும்.

முட்டையிடுவதும் கோடையை ஒட்டித்தான். தாய் பின்னங்கால்களால் கரை மண்ணில் குழி பறித்து, இருபது முப்பது முட்டைகளை இட்டு மூடிவிடும். மண்ணின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. பொரியும் நேரத்தில் உள்ளிருந்து குஞ்சுகள் குரல் கொடுக்கும். தாய் குழியைத் தோண்டித் திறக்கும், இன்னும் பொரியாத முட்டையை நாக்குக்கும் மேல்வாய்க்கும் நடுவே வைத்து மெல்ல உருட்டி அதன் ஓடு உடையச் செய்யும், அப்புறம் குஞ்சுகளை வாயிலேயே தூக்கிக்கொண்டு தண்ணீரில் விடும். ‘மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா’ என்று நாம் சொல்லும் அதே வாய்தான்! வாயைப் பிளந்தபடி கரையில் கிடப்பதைப் பார்த்தால் இரைக்குக் காத்திருப்பதாகத் தோன்றும். பெரும்பாலும் அது உடல் சூட்டைத் தணிக்கத்தான்.

உவர்நீர் முதலை வேறு இனம். கழிமுகங்களில் வாழும், கடலிலும் நீந்தும். இலைதழையைக் குவித்து மேடாகக் கூடு கட்டும். குழியா மேடா என்று பார்த்தாலே இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்துவிடும்.

‘முதலை’ நம் மொழிக்குடும்பத்தின் பழைய சொல். மலையாளத்தில் முதல, கன்னடத்தில் மொசளெ, தெலுங்கில் மொசலி. குறிஞ்சிப்பாட்டு முதலை, இடங்கர், கராம் என்று மூன்றையும் ஒரே இடத்தில் அடுக்குகிறது. உரைகாரர்கள் இவற்றை முதலையின் வகைகளாகக் கொள்கிறார்கள். எது எந்த இனம் என்று பிரித்துக்காட்டும் அடையாளம் பாட்டில் இல்லாததால், இடங்கரையோ கராமையோ இன்றைய ஓர் இனத்தின் தலையில் கட்டுவது சரியாகாது.

‘நன்னீர் முதலை’ என்றால் ஆஸ்திரேலிய இனத்தோடு குழம்பும். ஆகவே நான் ‘மடு முதலை’ என்றே எழுதுகிறேன். கஜேந்திரன் காலை முதலை கவ்விய கதையைச் சொல்லும்போதும் நம் பாட்டிமார் மடு என்றுதான் சொன்னார்கள்.