சிமெண்டும் கம்பியும்தானே, எங்கே சார் எரியும்?

போன வாரம் ஒரு கட்டுமான சைட். ஏழாவது மாடியில் கைப்பிடிக் கம்பிக்கு வெல்டிங் வைத்திருக்கிறார்கள். பொறி, குழாய்களுக்காக விட்ட ஷாஃப்ட் வழியாக இறங்கி, மூன்றாவது மாடியில் அடுக்கி வைத்திருந்த தெர்மோகோலில் விழுந்துவிட்டது. ஆட்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்ததால் யாருக்கும் காயமில்லை. பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில் விசாரிக்கப் போன என்னிடம் ஒப்பந்ததாரர் கேட்கிறார்: "கட்டி முடிக்காத பில்டிங், சிமெண்டும் கம்பியும்தானே, எங்கே சார் எரியும்?" கரிக்கட்டைமேல் நின்றுகொண்டு கேட்கிறார்!

கான்கிரீட் எரியாது, சரி. சைட்டில் கான்கிரீட் மட்டுமா இருக்கிறது? சென்ட்ரிங் பலகை, அதில் தடவிய பழைய எண்ணெய், சவுக்குக் கம்பு, பச்சை வலை, தார்ப்பாய், சிமெண்ட் சாக்கு, பிவிசி பைப், அட்டைப்பெட்டி, ஏசி குழாயில் சுற்றும் ஃபோம். பெயிண்டர் வந்துவிட்டால் தின்னரும் சேர்ந்துகொள்ளும். இத்தனையும் இருக்கிற இடத்தில், முடிந்த கட்டடத்தில் தீயைத் தடுக்கிற எதுவும் இன்னும் வந்திருக்காது. தீத்தடுப்புக் கதவு கிடையாது, தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் கிடையாது, அலாரம் கிடையாது. ஷாஃப்ட்டும் லிஃப்ட் குழியும் கீழிருந்து மேல்வரை திறந்து கிடக்கும். அவையே புகைக்கூண்டு. குடியேறிய வீட்டைவிடப் பாதி கட்டிய கட்டடம்தான் வேகமாக எரியும் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள்.

தென்கொரியாவின் இச்சியோனில் 2020 ஏப்ரல் 29 அன்று எரிந்தது கட்டிக்கொண்டிருந்த கிடங்கு. சுவரில் அடித்திருந்த யூரித்தேன் ஃபோமில் வெல்டிங் பொறி பற்றி, 38 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஷாங்காயில் 2010 நவம்பரில் 28 மாடிக் குடியிருப்பைப் புதுப்பிக்கும்போது வெல்டிங் பொறியிலிருந்து தீ சாரத்து வலைக்கு ஏறியது, 58 பேர். ஹாங்காங்கின் தாய்போவில் 2025 நவம்பரில் சாரம், வலை, ஜன்னலை மூடிய ஃபோம் பலகை என்று தீ ஏழு அடுக்குமாடிகளுக்குத் தாவி, 150க்கும் மேற்பட்டோர் போனார்கள். ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் எரிந்தவை கான்கிரீட் கட்டடங்கள்தான்.

வெல்டிங்கில் வெல்டரை மட்டும் திட்டுவது எனக்குப் பிடிக்காது. முகமூடிக்குள்ளிருந்து அவருக்குத் தெரிவது கைக்கு நேரே இருக்கும் ஒரு புள்ளிதான். அதனால்தான் பொறியைக் கவனிக்கப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும் என்கிறோம். சுற்றிலும் 11 மீட்டருக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. நகர்த்த முடியாததைத் தீப்பிடிக்காத போர்வையால் மூடுங்கள். தரையில் ஓட்டை இருந்தால் கீழ்மாடியையும் போய்ப் பாருங்கள். வேலை முடிந்தபின் அந்த ஆள் ஒரு மணி நேரமாவது அங்கேயே இருக்க வேண்டும். சாக்குக்குள் விழுந்த பொறி வெளியே தெரியாமல் கனன்று, எல்லோரும் இறங்கிப் போனபிறகுதான் எரியும். வெல்டிங் போன்ற தீப்பொறி வேலைக்கான அனுமதிச் சீட்டை, அதாவது ஹாட் ஒர்க் பெர்மிட்டை, வாரத்துக்கு மொத்தமாக, டீக்கடையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் இன்ஜினியர்களே, உங்களையும்தான் சொல்கிறேன்.

தீயணைப்பான் எங்கே என்றால் ஸ்டோர் ரூமில் என்கிறார்கள். சாவி? ஸ்டோர்கீப்பரிடம். அவர் ஊருக்குப் போயிருக்கிறார். ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுப் பக்கத்தில், அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கும் தீயணைப்பான் தொங்கட்டும். ஆறு கிலோ பவுடர் அரை நிமிடம்கூட வராது. தீ சின்னதாக இருந்து, வெளியேறும் வழி உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் மட்டும் முயலுங்கள். மின்சாரத் தீ என்றால் முதலில் மெயினை அணையுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கான்கிரீட்டை நீராற்றுவதற்கு மோட்டார் போட்டுத் தண்ணீரை மேலே ஏற்றத்தானே செய்கிறீர்கள்? அந்தக் குழாயில் மாடிக்கு ஒரு வால்வும் ஹோஸும் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

பெரிதாகிவிட்டதா, எல்லோரும் இறங்குங்கள். ஆளையும் சாமானையும் ஏற்றும் ஹாயிஸ்ட் வேண்டாம், படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில்தான் சென்ட்ரிங் பலகையை அடுக்கி வைத்திருப்பீர்கள், அதை இன்றைக்கே எடுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவருக்குத் தமிழில் கத்தினால் புரியாது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஹாரன் சத்தம் இருக்கட்டும். 101 அல்லது 112 அழைத்த கையோடு, மெயின் ரோட்டில் ஒருவரை நிறுத்துங்கள். புது லேஅவுட்டில் வண்டிக்கு வழி தெரியாது. வாசலில் கொட்டிய ஜல்லிக் குவியலைத் தாண்டி தீயணைப்பு வண்டி வர முடியாது என்பதையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்புறம் தலையெண்ணிக்கை. சப்-கான்ட்ராக்டர் காலையில் அழைத்து வந்த நாலு பேர் பதிவேட்டில் இல்லையென்றால், உள்ளே யாரும் இல்லை என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

கடைசியாக, தொழிலாளர்கள் தங்கும் லேபர் ஷெட். இதைக் கோபமில்லாமல், வேண்டுகோளாகவே கேட்கிறேன். தகரக் கொட்டகைக்குள் பாய்க்குப் பக்கத்தில் சிலிண்டர், தலைக்குமேல் ஒட்டுப்போட்ட ஒயரில் பத்து சார்ஜர். கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, தூங்குகிறவர் மூக்கு உயரத்தில்தான் தேங்கும். சமையலுக்குத் தள்ளித் தனிக் கொட்டகை போட்டுக்கொடுங்கள். சிலிண்டரை வெளியே வையுங்கள். பின்பக்கம் இன்னொரு கதவு திறங்கள். தகரத்தை வெட்ட அரை நாள்கூட ஆகாது. ஆனால் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு வெட்டுங்கள்.