சிர்வா: இடம் தவறிய ஊசி, இழப்பீட்டு வழக்கு

அமெரிக்கத் தடுப்பூசி இழப்பீட்டு வழக்குகளில் அடிக்கடி அடிபடும் சொல் சிர்வா. ‘ஷோல்டர் இஞ்சுரி ரிலேட்டட் டு வாக்சின் அட்மினிஸ்ட்ரேஷன்’ என்பதன் முதலெழுத்துச் சுருக்கம்; தடுப்பூசி போடும் விதத்தால் தோளில் வரும் பாதிப்பு. இழப்பீடு கோரிய 13 பேரின் ஆவணங்களை ஆராய்ந்து 2010இல் வந்த மருத்துவக் கட்டுரை வழியே புழக்கத்துக்கு வந்தது.

இதைத் தமிழில் ‘தடுப்பூசிக் காயம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது பழியை மருந்தின்மேல் போடுகிறது. கோளாறு பெரும்பாலும் குத்திய இடத்தில்தான். தோள் எலும்பு முனைக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசையின் நடுவில் இறங்க வேண்டிய ஊசி மேலே ஏறிவிட்டால், மூட்டை ஒட்டிய நீர்ப்பையில் மருந்து சேர்ந்து அழற்சி உண்டாகும் என்பதே பரவலான விளக்கம். சட்டையைக் கழுத்துப் பக்கமாக இறக்கி, தெரிகிற இடத்தில் குத்தினால் இப்படி ஆக வாய்ப்பு அதிகம். ஆகவே ‘ஊசியேற்றத் தோள் பாதிப்பு’ பொருந்தும்.

2017 மார்ச் 21 முதல் இது அமெரிக்க அரசின் பாதிப்பு அட்டவணையில், அதாவது இழப்பீட்டுக்கு ஏற்கும் தடுப்பூசிப் பாதிப்புகளின் பட்டியலில், உள்ளது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் அந்தத் தோளோடு நிற்க வேண்டும். அதில் முன்பே வலியோ கோளாறோ இருந்திருக்கக் கூடாது. வேறு நோயும் காரணமாகக் கூடாது. இவை பொருந்தினால் ஊசிதான் காரணம் என்று தனியே நிரூபிக்க வேண்டியதில்லை.

மனு போவது, அரசிடம் பணம் கோரும் வழக்குகளைக் கேட்கும், வாஷிங்டனிலுள்ள ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்துக்கு. எதிர்மனுதாரர் சுகாதாரத் துறைச் செயலர். ஊசி போட்ட நர்ஸ் அல்ல. முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு கெடு, நோயைக் கண்டறிந்த நாளிலிருந்து அல்ல. பாதிப்பு 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். மருத்துவமனையில் தங்கி அறுவை செய்துகொண்டவருக்கு அந்த நிபந்தனை இல்லை.

வழக்கு சறுக்குவது பெரும்பாலும் ஆவணத்தில். ‘தானாகச் சரியாகிவிடும்’ என்று மாதக்கணக்கில் பொறுத்திருந்துவிட்டு டாக்டரிடம் போனால், 48 மணி நேரத்தைக் காட்டுவது கடினம். ஊசி போட்ட மருந்துக்கடையின் சீட்டில் இடக்கை, நோவு வலக்கையில் என்றால் அதற்கும் சாட்சி தேட வேண்டும்.

தீர்வு பெரும்பாலும் பேச்சில் முடியும். இழப்பீட்டு உரிமையை அரசு ஒப்புக்கொண்டு தொகையை முன்வைத்தால் ‘ப்ராஃபர்’, அதாவது தொகை முன்வைப்பு. பொறுப்பை ஏற்காமலே தொகைக்கு இசைந்தால் ‘ஸ்டிபுலேஷன்’, இசைவுப் பத்திரம். வலி, வேதனைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். வக்கீல் கட்டணம் இதில் கழியாது, தனியே வழங்கப்படும்.

கோவிட் ஊசிக்கு இந்த வழி இல்லை. அது வேறு திட்டம்: ஊசி போட்ட நாளிலிருந்து ஓராண்டே கெடு, வலி வேதனைக்குப் பணமும் கிடையாது.