பத்து லட்சம் மடங்கில் ஒரு பாக்டீரியா

பள்ளியில் நாம் வரைந்து பழகிய செல் பெரும்பாலும் காலி மனை போன்றது: நடுவே உட்கரு, ஓரமாக இரண்டு மூன்று மைட்டோகாண்ட்ரியா, மற்றதெல்லாம் வெற்றிடம். உண்மையான செல்லின் உட்புறமோ, தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலையில் தி.நகர் ரங்கநாதன் தெரு இருப்பதைப் போல இருக்கும். அந்த நெரிசலை நீர்வண்ணத்தில் தீட்டிக் காட்டியவர் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்து உயிரியலாளர் டேவிட் குட்செல்.

இத்தகைய ஓவியத்தில் தூரிகைக்கு முன்னால் வருவது அளவுகோல். பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கினால் ஒரு நானோமீட்டர் ஒரு மில்லிமீட்டராகிவிடும் என்பதால் கணக்கு எளிது. ஈ.கோலை பாக்டீரியா 2 மீட்டர் நீளமாகும். அதற்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் 2 செ.மீ., அதாவது சிறு நெல்லிக்காய் அளவு, டி.என்.ஏ. 2 மி.மீ. தடிமனுள்ள இடியாப்ப இழை. ஆனால் அந்த ஒற்றை இழையின் நீளம் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்! அதை எப்படி மடித்து உள்ளே வைப்பது என்பதுதான் வரைபவருக்குத் தலைவலி.

உருவங்கள் கற்பனையல்ல. எக்ஸ் கதிர்களாலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியாலும் கண்டறியப்பட்ட புரத வடிவங்கள், 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இன்று 2 லட்சத்துக்கும் மேல் சேர்ந்துள்ளன. ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் வரைபடத்தை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என்.ராமச்சந்திரன் தம் குழுவினருடன் 1963இல் வெளியிட்டார். புதிய வடிவம் எதையும் இன்றும் அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். எந்த மூலக்கூறு எத்தனை, எங்கே என்பது மட்டும் பல ஆய்வுகளிலிருந்து திரட்ட வேண்டியது. அங்கே ஓவியரின் ஊகமும் கலக்கிறது, அது தவறுமில்லை.

நிறம் முழுக்க அவருடைய விருப்பம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே ஏறத்தாழ 400 நானோமீட்டரில்தான் தொடங்குகிறது. 20 நானோமீட்டர் ரைபோசோமின் உருவத்தை அதனால் காட்ட இயலாது. ஆகவே குட்செலின் ஈ.கோலை ஓவியத்தில் உறை பச்சை, ரைபோசோம் ஊதா, டி.என்.ஏ. மஞ்சள் என்பவை கண் பிரித்தறிவதற்கான ஏற்பாடே.

செல்லின் எடையில் சுமார் 70 விழுக்காடாக இருக்கும் நீரை அவர் பெரும்பாலும் வரைவதேயில்லை. இதே அளவுகோலில் ஒரு நீர் மூலக்கூறு 0.3 மி.மீ. புள்ளி, அவற்றையும் இட்டால் நெல்லிக்காயும் இடியாப்பமும் புள்ளிகளுக்கு அடியில் மறைந்துவிடும்.